கூச்சம் எடுக்கிறவன்

ஒரு மனிதன் ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்து நடக்கும்போது அவனுடைய இரண்டு கைகளும் மேலே போய்விடும். இரண்டு அக்குளும் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் எவனாவது விலாவில் விரலை வைத்தால் சிரிப்பு வரும். சிரித்தால் கழுத்து ஆடும். கழுத்து ஆடினால் மூட்டை போகும். மூட்டை சும்மா தரையில் போகாது, லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் பின்னால் ஏறி வருகிறவன் மேல்தான் போகும்.

அதனால் எங்கள் உப்புக் கிட்டங்கியில், மூட்டை அடுக்கி லாரி ஏற்றுகிற கிடங்கில், ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிற ஆளுக்கு முதல் பத்து நாளும் கூச்சம் எடுக்க வேண்டும். அவன் மூட்டையோடு நடக்கும்போது கூடவே ஒருவன் வெறுங்கையோடு நடப்பான். எப்போது தொடுவான், எங்கே தொடுவான் என்று தெரியாது. முதல் நாள் புது ஆள் துள்ளுவான். நாலாம் நாள் நெளிவான். பத்தாம் நாள் விலாவில் கட்டைவிரலை விட்டுத் திருகினாலும் லாரியைப் பார்த்தபடி போய்க்கொண்டே இருப்பான். அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து அவனுக்குக் கொத்துப் புரோட்டா வாங்கிக் கொடுப்போம்.

அப்படி வெறுங்கையோடு கூட நடக்கிறவன் நான்தான். இருபத்தாறு வருஷத்தில் நாற்பத்து மூன்று பேருக்குக் கூச்சம் எடுத்திருக்கிறேன். தூத்துக்குடியில் எந்தக் கிட்டங்கியில் போய்ச் சொரிமுத்து என்று என் பெயரைச் சொன்னாலும், கேட்கிறவன் தன்னை அறியாமல் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்வான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருந்தது என்று சொல்வதுதான் சரி.

பிறகு ஒரு சட்டம் வந்தது. இருபது கிலோவுக்கு மேல் எதையும் வெறும் உடம்போடு தூக்கக் கூடாது. துணைத்தோள் போட்டுத்தான் தூக்க வேண்டும்.

துணைத்தோள் என்பது அதைச் செய்கிற கம்பெனி வைத்த பெயர். நாங்கள் சட்டை என்றே சொல்லுவோம். சட்டை மாதிரிதான் மாட்டிக்கொள்ள வேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் இருந்து இரண்டு கைகள் கூடுதலாக வரும். கறுப்பு ரப்பர் தோல், உள்ளே இரும்பு, கையொன்றுக்கு ஐந்து விரல். நாம் குனிந்தால் அது குனியும். நாம் மூட்டையைப் பிடித்தால் அதுவும் வந்து பிடிக்கும். பாரம் அதற்கு, நடை நமக்கு.

ஒரு திங்கட்கிழமை காலையில் பதினோரு சட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு இன்ஜினியர் பிள்ளை வந்தாள். பெயர் ரெனிட்டா. இனிகோ நகரில் வீடு. இருபத்தாறு வயது இருக்கும். எங்கள் மேஸ்திரி ஐகோர்ட்துரை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்பெனில வேற ஆம்பள ஆளே இல்லியாமா?" என்று கேட்டார்.

"இருக்காங்க அண்ணாச்சி. அவங்களுக்கெல்லாம் உங்களப் பாத்துப் பயம்" என்றாள்.

மேஸ்திரி வேன் கதவைத் திறந்துவிடப் போனார்.

அவள் எங்கள் பதினோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள். உடம்புத் துடிப்பை அளக்க மார்பில் ஒரு பட்டை, கழுத்தில் ஒரு வில்லை என்று ஒட்டினாள். "இங்க யாருக்குக் கிச்சுக்கிச்சு மூட்ட நல்லா வரும்?" என்று கேட்டாள்.

பத்து விரல்கள் என்னைக் காட்டின.

"சரி. நீங்க ஒவ்வொருத்தரா வெலால விரல வச்சு மூட்டிட்டே வாங்க அண்ணாச்சி. கையத் தூக்கச் சொல்லுங்க."

எனக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் வேலையைக் காட்டச் சொல்லி ஒரு படித்த பெண் கேட்கும்போது எந்த மனிதன்தான் சும்மா இருப்பான்? நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். மேஸ்திரி கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். கொம்பையா கொட்டாவி விட்டான். பட்டுராஜ் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், விரல் பட்டதே தெரியாத மாதிரி. பத்துப் பேர். ஒருவன் உதட்டோரம்கூட அசையவில்லை. கடைசியில் மேஸ்திரி எனக்குச் செய்தார். நான் வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

"பாத்தியாம்மா? பதினோரு பேரும் பாஸு" என்றேன்.

அவள் கையில் இருந்த பலகைக் கணினியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடியும் அதைப் பார்த்தாள்.

"பதினோரு பேரும் பெயில் அண்ணாச்சி."

மேஸ்திரி அவள் பக்கம் ஓரடி வந்தார்.

"அதெப்டிம்மா?" என்றார் மேஸ்திரி. "ஒருத்தனும் சிரிக்கலயே!"

"அதான் பெயில்" என்றாள் ரெனிட்டா. ஒரு உப்பு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எல்லாரும் உங்க கையால உங்க வெலாவையே தொட்டுப் பாருங்க. கூசுதா?"

"எவன் தொட்டாலும் எங்களுக்குக் கூசாதே."

"சின்னப் புள்ளைல கூசியிருக்குமில்ல? அப்பமும் தன் கையால தானே தொட்டா கூசியிருக்காது. ஏன்னா கை எங்க வருது, எப்பம் வருதுன்னு மூளைக்கு முன்னாடியே தெரியும். அடுத்தவங்க கைன்னா தெரியாது. அதான் கூசுது. இந்தச் சட்டைய இருவது நாளு போட்டுப் பழகுனா மூளை இதையும் நம்ம சொந்தக் கைன்னு ஏத்துக்கும். ஏத்துக்கிட்டுச்சான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சட்டையோட விரல வச்சே உங்களுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பாப்பேன். கூசலன்னா அது உங்க கை ஆயிட்டு. கூசுச்சுன்னா இன்னும் அது வேத்து ஆளு. வேத்தாளு கூட மூட்டை தூக்குனா ஒரு நொடி நீங்க ஒரு பக்கம் இழுப்பீங்க, அது ஒரு பக்கம் இழுக்கும். வேற ஒரு ஊர்ல ஒரு அண்ணனுக்கு முதுகெலும்பே போச்சு. அதுக்குத்தான் இந்தச் சோதனை."

"அப்பம் நல்லதுதானம்மா" என்றான் கொம்பையா. "எங்களுக்கு எது தொட்டாலும் கூசாது. இப்பமே குடுத்துட்டுப் போ."

"அண்ணே, ரோட்டுல போற எருமை மாட்டுக்கும்தான் கூசாது. அதுக்குச் சட்டை சொந்தமாயிட்டுன்னு அர்த்தமா? மொதல்ல அடுத்தவங்க கைக்குக் கூசணும். அப்புறம் சட்டையோட கைக்குக் கூசக் கூடாது. ரெண்டும் இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். ஒண்ணுக்குமே கூசாத ஆள நான் எப்படிச் சோதிக்க?"

பிறகு அவள் எழுந்து, இறங்கின குரலில் சொன்னாள். "இருவது நாளு இருக்கு. அதுக்குள்ள கூச்சத்தக் கொண்டு வாங்க. இல்லன்னா கிட்டங்கி முதலாளி வெளியூர்ல இருந்து ஆள் எடுத்துருவாரு. எனக்கே சங்கடமாத்தான் இருக்கு."

அவள் போனதும் பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கூச்சத்த எடுத்தவன் நீதான்ல" என்றான் கொம்பையா. "மரியாதையாத் திருப்பிக் குடு."

முதல் மூன்று நாளும் நான் திருப்பிக் கொடுக்கத்தான் பார்த்தேன். கிட்டங்கி முற்றத்தில் ஒவ்வொருவனையும் கையை வீசி நடக்கச் சொன்னேன். நான் பின்னால் போய் எதிர்பாராத நேரத்தில் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதோடு போகவில்லை, நான் பின்னால் வருகிறேன் என்று தெரிந்தாலே அவர்கள் கழுத்து விறைத்தது, தோள் சமமானது, கால் பலகையில் வைப்பதைப் போல அளந்து விழுந்தது.

"உன் கை வேண்டாம்ல" என்றார் மேஸ்திரி. "ஒன்ன நெனச்சாலே தலையில மூட்டை இருக்க மாதிரி இருக்கு."

அவரவர் வீட்டில் அவரவர் பாடு என்று ஆனது. கொம்பையா தன் உள்ளங்காலில் உப்புத் தண்ணீர் தடவி, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு நக்கக் கொடுத்தான். ஆறாம் நாள் அவனுக்குப் பாதம் கூச ஆரம்பித்தது, எட்டாம் நாள் அது முழங்கால் வரைக்கும் ஏறியது. அவன் அதை ஆற்றில் வெள்ளம் ஏறுகிற மாதிரி தினமும் வந்து அறிவித்தான். "இன்னைக்குத் தொடைக்கு வந்துட்டு." இன்னொருவன் மயிலிறகு வாங்கி வந்தான். மேஸ்திரிதான் எல்லோரையும் அசத்தியவர். அவருடைய பேத்திக்கு ஐந்து மாதம். குழந்தை அவர் மார்பில் குப்புறக் கிடந்து, பல் இல்லாத வாயால் அவர் தாடையைக் கவ்வியிருக்கிறது. மனிதர் கட்டிலே ஆடுகிற மாதிரி சிரித்தாராம். மருமகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாளாம். மறுநாள் அவர் கிட்டங்கிக்கு வந்தபோது, புது மாப்பிள்ளை மாதிரி யாரையும் நேராகப் பார்க்காமல் நடந்தார்.

ஒவ்வொருவனாகத் தேறினான். பதின்மூன்றாம் நாள் பார்த்தால் மிச்சம் இருந்தது இரண்டே பேர். பட்டுராஜும் நானும்.

இதற்கிடையில் தினமும் நாலு மணி நேரம் சட்டையைப் போட்டு வெறும் நடை நடந்தோம். சாயங்காலம் அதைக் கழற்றி ஆணியில் மாட்டி, மூட்டுகளில் படிந்த உப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். உப்பு இரும்பைத் தின்றுவிடும். ரெனிட்டா அதைச் செய்து காட்டியபோது ஒரு விஷயம் சொன்னாள். "சட்டைக்கும் தோல்ல தொடு உணர்வு இருக்கு. நீங்க தொட்டா அது பேசாம இருக்கணும், உங்க உடம்புதானே அது. எப்பமாச்சும் உங்க கையப் பாத்து ஒதுங்குச்சுன்னா உடனே எனக்குச் சொல்லிருங்க."

"ஒதுங்குனா என்னம்மா?"

"அது தன்னத் தனி ஆளா நெனைக்க ஆரம்பிச்சுட்டுன்னு அர்த்தம். லட்சத்துல ஒண்ணு அப்படி ஆகும்னு சொல்லுதாங்க, நான் பாத்ததில்ல. ஆச்சுன்னா உள்ள இருக்கதெல்லாம் அழிச்சிட்டு மொதல்ல இருந்து பழக்கணும்."

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி தங்கபுஷ்பம் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உப்புச் சாக்குக்கு வாய் தைக்கிற வேலை அவளுக்கு. கோணூசி பிடித்துப் பிடித்து வலது கை நடுவிரல் காய்த்துப் போயிருக்கும்.

"புஷ்பம், உனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டத் தெரியுமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அரிவாள்மணையில் காய் நின்றது.

"முப்பத்தோரு வருசம் கழிச்சுக் கேக்கீங்களா?" என்றாள்.

"என்ன சொல்லுத?"

"கல்யாணமான நாலாம் நாளு. நீங்க கட்டில்ல சாஞ்சு கிடந்தீங்க. நான் வெளையாட்டா வெலால விரல வச்சேன். நீங்க கூரை ஓட்டப் பாத்துக்கிட்டே கிடந்தீங்க. சரின்னு ரெண்டு கையாலயும் வச்சேன். திரும்பிப் பாத்து, 'என்ன வேணும்?'னு கேட்டீங்க."

"அப்படியா கேட்டேன்?"

"தாலுகா ஆபீசுல சன்னலுக்குள்ள இருந்து கேப்பானே, அப்படிக் கேட்டீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது.

"இந்த மனுசனுக்கு என்னயப் பிடிக்கல போலுக்குன்னு நெனச்சேன். எங்க அம்மைகிட்டகூடச் சொல்லல. அதுக்குப் பொறவு நான் வெளையாட்டுக்கு உங்களத் தொட்டிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"பிடிக்காம இல்ல புஷ்பம். அது வந்து... மூட்டை விழுந்திரும்லா."

"கட்டில்ல கிடக்கையில உங்க தலையில என்ன மூட்டை?"

நான் தலையைத் தடவினேன். அவளே கேட்டாள். "இப்பம் எதுக்கு இந்தத் திடீர் ஆசை?"

நான் சோதனையைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் பழையபடி ஆனது.

"அப்பம் சட்டைக்காகச் சிரிக்கணும். என் கையால ஆகாது. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்குக் கொத்தவரங்காய் ரொம்பப் பொடியாக இருந்தது.

எட்டு நாள் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை சோதனை. வேலை போனதுதான் என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டேன். மேலே ஒரு வாரமாகச் சுற்றாமல் கிடந்த ஃபேனைக் கழற்றி, பேரிங் மாற்றிக் கொண்டுவந்தேன். கட்டில் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் ஃபேனைத் தூக்கி உத்திரத்துக் கொக்கிக்கு நேராகப் பிடித்தேன். பக்கத்தில் ஸ்டூலில் நின்று புஷ்பம் போல்ட்டைச் சொருகினாள். அது துளைக்குள் போகாமல் சண்டித்தனம் செய்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். முகத்தைப் பார்க்காமல் பேச வசதியாக இருந்தது.

"எனக்குக் கூச்சம் எடுத்தப்ப பத்தொம்பது வயசு" என்றேன். "நாலாம் நாளு, பலகையில பாதி ஏறிட்டேன். பின்னால வந்தது ராசையா அண்ணன். வெலால விரல் பட்டுச்சு. நான் சிரிச்சுட்டேன். மூட்டை அண்ணன் தோள்ல விழுந்துச்சு. காறை எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு புஷ்பம். நான் அப்பமும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நிறுத்த முடியல. அதுதான் கடைசி. அதுக்குப் பொறவு உடம்பு காவக்காரன் மாதிரி முழிச்சுக்கிட்டே இருக்கு. எந்தப் பக்கம் கை வந்தாலும் முன்கூட்டியே தெரிஞ்சு போவுது."

போல்ட் சொருகுகிற சத்தம் நின்றிருந்தது.

"இத ஏன் நீங்க சொன்னதே இல்ல?"

"நீ கேட்டதில்ல."

"நான் கேக்கத்தான் செஞ்சேன். கையால கேட்டேன்" என்றாள்.

என் உச்சந்தலையில் ஒரு கை வந்து படிந்தது. சும்மா, விபூதி பூசுகிற மாதிரி. அது இரண்டு தரம் தட்டியது.

"பாத்துக்கோங்க. தலையில ஒண்ணும் இல்ல" என்றாள்.

பிறகு அந்தக் காய்த்த நடுவிரல் என் விலாவில் வந்து உட்கார்ந்தது.

அது வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு காவலுக்கு எழுந்திருக்கவில்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு காற்று வந்தது. பிறகு வயிற்றில் ஏதோ உடைந்தது. நான் போட்ட சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அடுத்த வீட்டு நாய் குரைத்தது. ஃபேன் கட்டில் மேல் விழுந்தது. அதன் மேல் நான் விழுந்தேன். புஷ்பம் ஸ்டூலைவிட்டு இறங்கி வந்து மறுபடியும் மூட்டினாள். "போதும், போதும்" என்று நான் சொன்னேன். முப்பத்தோரு வருஷத்துக்குச் சேர்த்து அவள் விடவில்லை. ஃபேனில் ஒரு இறக்கை வளைந்துபோனது. இன்றைக்கும் அது டக் டக் என்றுதான் சுற்றுகிறது.

சோதனை விதிகள் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், படித்தால் ஒரு எழுத்தையும் விடமாட்டேன். அதில் "பிறர் கை" என்று மட்டும்தான் போட்டிருந்தது. எந்தப் பிறர் என்று போடவில்லை. அதனால் திங்கட்கிழமை நான் புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னல, கல்யாணத்துக்குப் போற மாதிரி ஜோடியா வாரே" என்றார் மேஸ்திரி.

"மைனி, பாத்து மூட்டுங்க, கிழவன் பொசுக்குனு போயிரப் போறான்" என்றான் கொம்பையா.

சட்டையை மாட்டினேன். பட்டையை ஒட்டினார்கள். கையைத் தூக்கினேன். புஷ்பம் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, விரலை நீட்டியபடி மெதுவாக வந்தாள். மூன்றடி தூரம் இருக்கும்போதே நான் வெடித்துவிட்டேன்.

"அக்கா இன்னும் தொடவே இல்ல!" என்று ரெனிட்டா கத்தினாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

புஷ்பத்தின் விரல் பட்டபோது நான் சுருண்டேன். அப்போது ஒன்று நடந்தது. சட்டையின் இரண்டு கறுப்புக் கைகளும் தாமாகவே வந்து என் விலாவைப் பொத்திக்கொண்டன. "அட, சட்டையும் கூடச் சேர்ந்து ஒளியுது பாருங்க. நல்லாப் பழகிட்டு" என்றாள் ரெனிட்டா.

அடுத்தது சட்டையின் முறை. அதன் விரல் என் விலாவில் அழுத்தி ஊர்ந்தது. என் கை என்னையே தொடுகிற மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை. ரெனிட்டா கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு பேரில் பத்துப் பேர் தேறினோம். பட்டுராஜ் மட்டும் தேறவில்லை. அவன் பொண்டாட்டி செத்து ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, தனிக்கட்டை. ஆட்டுக்குட்டி, மயிலிறகு எல்லாம் அவனுக்கும் கொடுத்துப் பார்த்தோம். அன்றைக்குப் புஷ்பம்கூட, "தம்பி, நான் மூட்டட்டுமா?" என்று கேட்டாள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்றான். அந்தக் கூச்சம் அவனுக்கு நிறைய இருந்தது. எனக்குத் தெரிந்த கூச்சம்தான் இல்லை. மேஸ்திரி சண்டை போட்டு அவனுக்குக் கேட்டில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் லாரி ஏற்றும்போது அவன் எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கூச்சம் பத்து நாளில் நான் எடுத்தது. அவனிடமிருந்து எடுக்கும்போது கைதட்டியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் யாருக்கும் நான் கூச்சம் எடுப்பதில்லை. தேவையும் இல்லை, பாரம் சட்டையோடது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டுராஜின் பக்கத்தில் போய் உட்காருவேன். ஏதாவது பேசும்போது தோளில் கையைப் போடுவேன். முதலில் விறைப்பான். போன மாதம் விறைக்கவில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம்.

நான் சொல்ல வந்தது வேறு.

சோதனை முடிந்து நாலு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். தோள் மூட்டு முடிந்து, பிரஷ் அதன் அக்குளுக்குப் போனது. சட்டை தன் கையை இறுக்கிக்கொண்டது.

ஏதோ கம்பி இழுக்கிறது என்று நினைத்தேன். கையை விலக்கி மறுபடியும் பிரஷ்ஷை வைத்தேன். இரண்டு கைகளும் சடாரென்று உடம்போடு ஒட்டின. ரப்பர் விரல்கள் மடங்கின. ஆணியில் தொங்கிக்கொண்டே அது ஒரு பக்கமாக நெளிந்தது.

எனக்கு அந்த நெளிவு தெரியும். நாற்பத்து மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன். அது நாலாம் நாள் நெளிவு.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தேன். தன் கை தன்னைத் தொட்டால் கூசாது. அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்த கணக்கு இது, எனக்கு மனப்பாடம். என் கை பட்டு இதற்குக் கூசுகிறது என்றால், இந்தக் கை தன்னுடையது இல்லை என்று இதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இது என் கை. இதற்கு நான் வேற்று ஆள்.

உடனே சொல்லிருங்க என்று ரெனிட்டா சொல்லியிருந்தாள். போனை எடுத்தேன். எடுத்துவிட்டு, அது தொங்குவதைப் பார்த்தேன். விரல்களை மெல்லத் தளர்த்திக்கொண்டிருந்தது, இன்னும் தொடப் போகிறேனா என்று பார்க்கிற மாதிரி. போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பயம் இல்லாமல் இல்லை. தனி ஆள் என்றால் மூட்டை தூக்கும்போது வேறு பக்கம் இழுக்குமே. அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு முதல் மூட்டைக்குக் குனிந்தபோது என் முதுகு வேர்த்தது. ஆனால் அது இழுக்கவில்லை. நான் பிடித்த இடத்திலேயே அதுவும் பிடித்தது. இருபத்தாறு வருஷம் மேஸ்திரியும் நானும் ஒரு மூட்டைக்கு இரண்டு பக்கமும் நின்று தூக்கியிருக்கிறோம். அவர் என் உடம்பா? இல்லையே. எங்களுக்கு ஒத்துப் போகவில்லையா என்ன?

ஆறு மாதச் சோதனைக்கு ரெனிட்டா வந்தாள். போன வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. அதற்கு முந்தின நாள் பிரஷ் போடும்போதே நான் அதனிடம் சொல்லியிருந்தேன். கேட்குமா, புரியுமா என்று தெரியாது. மனது கேட்கவில்லை. "நாளைக்கு அந்தப் பிள்ள வரும். ஒன்னத் தொடச் சொல்லி என்கிட்டச் சொல்லும். அசையாம இருந்துக்கோ, என்ன?"

"அண்ணாச்சி, சட்டைய ஆணியில மாட்டிட்டு, உங்க கையாலயே அதோட அக்குள்ல தொடுங்க" என்றாள் அவள், கணினியைப் பார்த்தபடி.

ஆணியில் மாட்டினேன். விரலை நீட்டினேன். வைத்தேன்.

அது அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் நல்லாத் தொடுங்க."

கட்டைவிரலை வைத்துத் திருகினேன். பத்தாம் நாள் திருகுகிற திருகு. கறுப்புக் கைகள் நேராகத் தொங்கின. ஆனால் ரப்பர் தோலுக்கு உள்ளே, ரொம்ப உள்ளே, ஒரு நடுக்கம் ஓடியது. பார்த்தால் தெரியாது. தொட்டால் மட்டும் தெரியும், அதுவும் தொட்டுப் பழகின விரலுக்கு. தலையில் ஐம்பது கிலோவை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, சிரிப்பை விழுங்குகிறவன் விலாவில் ஓடுகிற நடுக்கம்.

"ஒதுங்குறது, கிதுங்குறது ஏதும் இருந்துச்சா?"

"இல்லம்மா. மரக்கட்டை" என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள். வேன் கிளம்பிற்று. பட்டுராஜ் கேட்டைத் திறந்துவிட்டான், சாத்தினான். சத்தம் தேய்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு அதன் மேல்பக்கம், தலை இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில், உள்ளங்கையை வைத்து இரண்டு தரம் தட்டினேன்.

"போயிட்டா. சும்மா இரு, தலையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

இரண்டு கைகளும் மெதுவாக வந்து சட்டையின் விலாவைப் பொத்திக்கொண்டன. தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆணி ஆடுகிற சத்தம் கேட்டு, வாசல் கேட்டில் இருந்த பட்டுராஜ் திரும்பிப் பார்த்தான்.